வளையத்தை எப்படி அமுக்குவது?

கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளைப் படத்திலாவது பார்க்காத ஆசிரியர் நம்மில் இருக்க மாட்டார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் வளையங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுற்றிலும் மண் நெருக்கியும் பல உறைகள் வட்டம் கெடாமல் நிற்கின்றன. அப்படிப்பட்ட ஓர் உறையைச் செய்து, தரையில் சக்கரம்போல் நிமிர்த்தி நிறுத்தி, அதன் மேல் ஒருவர் ஏறி நின்றால் அது பிளந்துவிடும். அதே மண், அதே சூளை, அதே வளையம்தான். மண்ணுக்குள் தாங்கியது வெளியே ஏன் தாங்கவில்லை?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பருப்பொருளின் பண்புகளை நடத்தும்போது இழுவிசைத் தகைவு, அமுக்கத் தகைவு என்று இரண்டு வரையறை சொல்கிறோம். இரண்டுக்கும் விசை வகுத்தல் பரப்பு. படத்தில் ஒரு நேரான கம்பி இருக்கும். இழுத்தால் ஒன்று, அமுக்கினால் மற்றொன்று. மாணவரும் எழுதிவிடுவார், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். கம்பிக்குப் பதில் ஒரு வளையத்தைக் கொடுத்து, "இதன் அமுக்க வலிமையைக் கண்டுபிடி" என்று கேளுங்கள். எந்த விசை, எந்தப் பரப்பு என்ற குழப்பம் உடனே வரும். அந்தக் குழப்பம் நல்லது. ஆய்வகங்களில் வேலை செய்யும் பொறியாளர்களும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

இன்று குழாய், தொட்டி, ராக்கெட் மோட்டாரின் உறை, எரிவாயு உருளை எனப் பலவும் கூட்டுப்பொருளால் செய்யப்படுகின்றன. தொழிற்சாலையில் இதைக் காம்போசிட் என்பார்கள். கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ பிசினில் நனைத்து, சுழலும் உருளையின் மேல் நூல் சுற்றுவதுபோல் சுற்றி, சூடாக்கி இறுகச் செய்கிறார்கள். இப்படிச் செய்த குழாயிலிருந்து ஒரு துண்டு அறுத்தால் அதுதான் சோதனை வளையம். நம் மாணவர்களில் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடித்துக் குழாய்த் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஓர் எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்திடும் நாள் அவர்களுக்கு வரும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியை அவர்கள் பள்ளியிலேயே சந்தித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இழுத்தால் வலிமை, தள்ளினால்?

முதலில் வளையத்தை மறந்துவிட்டு இழையை மட்டும் பார்ப்போம். தென்னை ஈர்க்கு ஒன்றை இரண்டு முனையிலும் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். எளிதில் அறாது. அதே ஈர்க்கை முனைகளில் பிடித்து உள்நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். உடனே வில்லாக வளைந்துவிடும். ஈர்க்கின் பொருள் நசுங்கவில்லை, பக்கவாட்டில் நெளிந்து சரிந்தது. பொறியாளர்கள் இதைப் பக்கிளிங் என்பார்கள்.

கார்பன் இழையோ கண்ணாடி இழையோ தலைமுடியைவிட மெல்லியது. தனியாக வைத்துத் தள்ளினால் ஈர்க்கைவிட மோசமாக நெளியும். அதைப் பக்கத்திலிருந்து பிடித்து நிறுத்துவது பிசின். ஆகவே கூட்டுப்பொருளின் இழுவிசை வலிமை பெரும்பாலும் இழையின் கையில் இருக்கிறது. அமுக்க வலிமையோ பிசின் எவ்வளவு விறைப்பாகப் பிடிக்கிறது, இழை எவ்வளவு நேராக இருக்கிறது என்ற இரண்டையும் நம்பியிருக்கிறது. இழை சற்று அலையாகப் படிந்திருந்தாலும், உள்ளே காற்றுக்குமிழி இருந்தாலும், நெளிவு அங்கிருந்தே தொடங்கும். குண்டு துளைக்காத அங்கிக்குப் பயன்படும் கெவ்லார் இழை இதற்குத் தெளிவான உதாரணம். கெவ்லார் கூட்டுப்பொருளின் அமுக்க வலிமை அதன் இழுவிசை வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இழுவிசைச் சோதனையில் வந்த எண்ணை வைத்து அமுக்கத்தையும் ஊகித்துவிடலாம் என்று நினைத்தால் எவ்வளவு தவறும் என்பதற்கு இது போதும்.

சுற்றிச் செய்யும் வளையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இழையை இறுக்கிச் சுற்றுகிறோம். மேல் அடுக்குகள் ஏற ஏற, அவை கீழ் அடுக்குகளை உள்நோக்கி நெருக்கும். முதலில் இறுக்கமாக இருந்த உள் அடுக்கு தளர்ந்து, சில இடங்களில் சுருங்கியும் போகலாம். வளையத்தின் சுவர் தடிமனாக ஆக இந்தத் தொல்லையும் கூடும். நேரான பட்டையாகச் செய்து சோதித்த மாதிரியில் இது தெரியவே தெரியாது. வளையத்தை வளையமாகவே சோதிக்க வேண்டிய தேவை இதனால்தான் வருகிறது.

வைஸில் வைத்து இறுக்கினால்

எவருக்கும் முதலில் தோன்றும் முறை, வளையத்தை இரண்டு தட்டைப் பரப்புகளுக்கு நடுவே வைத்து விட்டத்தின் திசையில் அமுக்குவது. குழாய்த் தொழிலில் இது அன்றாடம் நடக்கிறது. கண்ணாடி இழைக் குழாய்களுக்கு ஏ.எஸ்.டி.எம். டி 2412 என்ற தரநிலையே இருக்கிறது. கான்கிரீட் ஹியூம் பைப்புக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சோதனைதான்.

நான் இதை வகுப்பில் மூங்கிலை வைத்துச் செய்கிறேன். மூங்கில் இயற்கை தந்த கூட்டுப்பொருள். கணு இல்லாத பகுதியில் 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து, வைஸில் வைத்து மெதுவாக இறுக்க வேண்டும். பள்ளியில் வைஸ் இல்லையென்றால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேரம் கேட்டால் கொடுப்பார்கள். வளையத்தின் மேல் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும். கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

"எங்கே முதலில் விரிசல் விடும்?" என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். வைஸின் தாடை தொடும் இடத்தில் வெளிப்புறம் நசுங்கும் என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். விரிசல் வருவது வேறு இடங்களில். தாடை தொடும் இடத்துக்கு நேர் கீழே, உட்புறத்தில் வரும். அல்லது அதற்கு 90 பாகை தள்ளி, பக்கவாட்டில், வெளிப்புறத்தில் வரும். கடைசியில் வளையம் பெரும்பாலும் நான்கு துண்டாகிறது.

காரணம் எளிது. வளையம் முட்டை வடிவாகும்போது தாடைக்குக் கீழே சுவர் தட்டையாகிறது. தட்டையாக்கினால் உட்புறம் நீள வேண்டும். பக்கவாட்டில் வளைவு கூடுகிறது, அங்கே வெளிப்புறம் நீள வேண்டும். நீளும் இடத்தில்தான் பிளவு. நாம் அமுக்கினோம், ஆனால் மூங்கில் இழுவிசையில் உடைந்தது.

கணக்கும் இதையே சொல்கிறது. அமுக்கும் விசை P, வளையத்தின் சராசரி ஆரம் R என்றால், தாடைக்குக் கீழே வளைவுத் திருப்புத்திறன் 0.318 PR. பக்கவாட்டில் 0.182 PR. ஏறத்தாழ ஏழுக்கு நான்கு. மாணவர் நேரடியாகக் கணக்கிடும் 'விசை வகுத்தல் பரப்பு' பக்கச் சுவர்கள் இரண்டின் பரப்பையும் எடுத்துக்கொள்ளும். ஆரம் 4 செ.மீ., சுவர் 8 மி.மீ. உள்ள மூங்கில் வளையத்துக்கு இரண்டையும் ஒப்பிட்டால், உட்புறத்தில் வரும் இழுவிசைத் தகைவு அந்தச் சராசரி அமுக்கத் தகைவைப்போல் சுமார் 19 மடங்கு. எனவே 'இந்த வளையத்தின் அமுக்க வலிமை இவ்வளவு' என்று அந்த மாணவர் எழுதும் எண்ணுக்கும் மூங்கிலின் அமுக்க வலிமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மூங்கிலில் இழைகள் நெடுக்கில் ஓடுகின்றன, வளையத்தைச் சுற்றி ஓடுவதில்லை. அதனால் இந்தச் சோதனையில் உடைவது இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருள். மூங்கில் கட்டுமானத்தை ஆராய்கிறவர்கள் மூங்கில் எவ்வளவு எளிதில் நெடுக்கில் பிளக்கும் என்று அறிய இதே முறையை வேண்டுமென்றே கையாள்கிறார்கள். அவர்களுக்கு இது சரியான சோதனை. குழாய்க்காரர்களுக்கும் சரியான சோதனைதான். மண்ணில் புதைத்த குழாய் மேலே லாரி போகும்போது எவ்வளவு சப்பையாகும் என்று தெரிய அந்த விறைப்பு எண் வேண்டும். அதை அமுக்க வலிமை என்று பெயர் மாற்றிச் சொல்லும்போதுதான் தவறு வருகிறது.

சுற்றிலும் அமுக்கினால்

உறைகிணற்றுக்குத் திரும்புவோம். அங்கே மண் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ சமமாக நெருக்குகிறது. வளையம் முட்டை வடிவாகவில்லை, வட்டமாகவே சற்றுச் சுருங்குகிறது. சுவரில் எங்கு வெட்டிப் பார்த்தாலும் அமுக்கம்தான். இழுவிசையில் பலவீனமான சுடுமண்ணுக்கு இதைவிட வசதியான நிலை இல்லை.

ஆய்வகத்தில் இதையே எண்ணெயைக் கொண்டு செய்கிறார்கள். கனமான எஃகுக் கூட்டுக்குள் வளையத்தை வைத்து, சுற்றிலும் ரப்பர் உறை ஒன்றைப் பொருத்தி, அதற்குள் எண்ணெய் அழுத்தத்தை ஏற்றுவார்கள். வளையத்தின் உட்புறம் காலி. அழுத்தம் p, வெளி ஆரம் R, சுவரின் தடிமன் t என்றால் சுவரில் வரும் சராசரி அமுக்கத் தகைவு pR/t. வளையத்தைப் பாதியாக வெட்டி விசைகளைச் சமன்செய்தால் இந்தச் சூத்திரம் வந்துவிடும், பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குக் கடினமில்லை. எண்ணெய்க்குப் பதிலாக, வட்டத்தைப் பல துண்டுகளாகப் பிரித்த எஃகுத் தாடைகளை உள்நோக்கித் தள்ளியும் அமுக்கலாம். அதில் தாடைகளின் இடைவெளிகளுக்கு எதிரே அழுத்தம் குறைந்துவிடும். எண்ணெயில் அந்தக் குறை இல்லை, ஆனால் கசிவைத் தடுப்பது பெரும்பாடு. இருபுற மூடிகளோடு வளையம் உரசினால், உராய்வும் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டு பொய்யான வலிமையைக் காட்டும்.

இத்தனையும் செய்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. காற்றழுத்தப் பாடத்தில் நாம் எல்லோரும் செய்யும் தகர டப்பா சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, மூடி, குளிர்வித்தால் டப்பா சப்பையாகும். காற்றின் வலிமையைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த டப்பாவை எறியாமல் வைத்திருந்து இந்தப் பாடத்தில் மறுபடி எடுங்கள். ஆரம் 75 மி.மீ., தகட்டின் தடிமன் 0.3 மி.மீ., காற்றழுத்தம் 0.1 மெகாபாஸ்கல் என்றால் pR/t = 25 மெகாபாஸ்கல். மென்எஃகு நிலையாக உருமாறவே சுமார் 250 மெகாபாஸ்கல் வேண்டும். பத்தில் ஒரு பங்கிலேயே டப்பா போய்விட்டது! எஃகு நசுங்கவில்லை. ஈர்க்கு வளைந்ததுபோல் சுவர் நெளிந்து சரிந்தது.

நீண்ட குழாய்க்கோ தனி வளையத்துக்கோ நெளிவு தொடங்கும் அழுத்தம் ஏறத்தாழ (E/4)(t/R)³. இங்கே R சராசரி ஆரம், E யங் குணகம். வலிமை என்ற எண்ணே இந்தச் சூத்திரத்தில் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கண்ணாடி இழை வளையம் ஒன்றுக்கு E 45 ஜிகாபாஸ்கல், அமுக்க வலிமை 600 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். நெளிவுக்கு முன்னால் நசுங்க வேண்டுமென்றால் சுவரின் தடிமன் ஆரத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று கணக்கில் வருகிறது. 9 செ.மீ. ஆர வளையத்துக்கு 2 செ.மீ.க்கு மேல் சுவர். அவ்வளவு தடிமனாகச் சுற்றினாலோ, முன்பே சொன்ன உள் அடுக்குத் தளர்வு வந்து நிற்கும். மெல்லியதாகச் செய்தால் நெளிவு, தடிமனாகச் செய்தால் சுருக்கம். இரண்டுக்கும் நடுவில்தான் சோதனை செய்கிறவர் வளையத்தின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வளையத்தை வெட்டி, ஒரு வில் துண்டை மட்டும் அமுக்கலாமே என்று மாணவர் யாராவது கேட்பார். கேட்டால் பாராட்டுங்கள். செய்யலாம், ஆனால் வளைந்த துண்டை முனைகளில் தள்ளினால் அது மேலும் வளையும். மறுபடி வளைவுத் தகைவு உள்ளே புகுந்துவிடும்.

இழுவிசைக்கு இவ்வளவு தொல்லை இல்லை. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகம் உருவாக்கிய, 146 மி.மீ. உள்விட்டமுள்ள 'நால்' வளையம் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதற்குள் இரண்டு அரைவட்டத் தகடுகளை வைத்து எதிரெதிரே இழுத்தால் போதும்.

ஆழ்கடலில் ஒரு வளையம்

2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க வட அட்லாண்டிக் கடலில் இறங்கிய டைட்டன் என்னும் நீர்மூழ்கி உள்நோக்கி நொறுங்கி, அதிலிருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அதன் உடல் கார்பன் இழையைச் சுற்றிச் செய்த உருளை, தடிமன் சுமார் 5 அங்குலம். இரு முனையிலும் டைட்டேனியம் மூடிகள். டைட்டானிக் கிடக்கும் ஆழம் சுமார் 3,800 மீட்டர். அங்கே நீரின் அழுத்தம் 38 மெகாபாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 390 கிலோ எடை. சுற்றிலும் அமுக்கப்படும் ஒரு கூட்டுப்பொருள் வளையத்துக்கு இதைவிடக் கடுமையான நிலை அரிது.

விசாரணையின்போது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் பொறியாளர்கள், கார்பன் இழை அடுக்குகளில் சுருக்கங்களும் காற்றுத்துளைகளும் இருந்ததையும், சிதைந்த துண்டுகள் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்ததையும் எடுத்துக்காட்டினார்கள். 2022 ஜூலையில் ஒரு பயணத்தின் முடிவில் பெரிய வெடிச்சத்தம் ஒன்று கேட்டிருக்கிறது. உடலில் ஒட்டியிருந்த திரிபுமானிகள் அதற்குப் பிறகான பயணங்களில் முன்புபோல் பதில் சொல்லவில்லை. அளவீடு கையில் இருந்தும் அது என்ன சொல்கிறது என்று உரியவர்கள் நின்று கேட்கவில்லை. பல முறை பத்திரமாக மேலே வந்ததையே சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அடுக்குகள் உள்ளே பிரிந்த பிறகு, அந்த உருளை தொடக்கத்தில் இருந்த அதே வளையம் அல்ல.

அடுக்கு பிரிவதன் விளைவை வகுப்பில் காட்ட சார்ட் தாள் போதும். தண்ணீர் பாட்டிலைச் சுற்றி மூன்று வளையங்கள் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, ஒரே அடுக்கு. இரண்டாவது, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு வளையங்கள், பசை கிடையாது. மூன்றாவது, இரண்டு அடுக்கையும் முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டி, ஒரு நாள் காயவைத்தது. ஒவ்வொன்றையும் படுக்கையாக உருட்டி வைத்து, மேலே ஒரு சிறு அட்டை, அதன் மேல் நாணயங்கள். விட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளவுகோலால் பார்க்கட்டும். பசையில்லாத இரட்டை வளையத்தின் விறைப்பு ஒற்றையைப்போல் இரண்டு மடங்கு. முழுக்க ஒட்டியது எட்டு மடங்காக வேண்டும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. பிள்ளைகள் பூசும் பசையில் எட்டு வராது, ஆனால் இரண்டைவிடத் தெளிவாகக் கூடுதலாக வரும். ஒட்டியதை ஒரு பக்கம் மட்டும் பிரித்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னால் எண் எங்கே இறங்குகிறது என்று அவர்களே பார்ப்பார்கள்.

நம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டியது. அதன் மனிதர் இருக்கும் கூடு 2.1 மீட்டர் உள்விட்டமும் 80 மி.மீ. தடிமனும் கொண்ட டைட்டேனியம் உலோகக்கலவைக் கோளம். கோளத்துக்கு pR/t-ஐ இரண்டால் வகுக்க வேண்டும். 60 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்குத் தகைவைக் கணக்கிடச் சொல்லுங்கள், 400 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல் வரும்.

முழுப் பாடத்தையும் ஒரே கேள்வியில் சோதிக்க நான் ஒரு கற்பனை வளையத்தைக் கொடுப்பது வழக்கம். கண்ணாடி இழை வளையம், வெளி ஆரம் 90 மி.மீ., சுவர் 10 மி.மீ., E 45 ஜிகாபாஸ்கல், அமுக்க வலிமை 600 மெகாபாஸ்கல். உட்புறத்தில் கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இடங்களில் நான்கு திரிபுமானிகள். சுற்றிலும் அழுத்தம் 5 மெகாபாஸ்கல் ஆனபோது நான்கும் 1,000 மைக்ரோதிரிபு காட்டின. 10-இல் நான்கும் 2,000. 15-இல் 12 மணியும் 6 மணியும் 3,050. 3 மணியும் 9 மணியும் 2,950. 18-இல் 12-உம் 6-உம் 4,400. 3-உம் 9-உம் 2,800. சற்று நேரத்தில் வளையம் போய்விட்டது. சோதனைத் தாளில் அமுக்க வலிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

18-ஐ 9-ஆல் பெருக்கி 162 மெகாபாஸ்கல் என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் எதிரெதிர் மானிகள் ஒன்றாகவும், குறுக்கு மானிகள் வேறாகவும் நகரத் தொடங்கியது வளையம் முட்டை வடிவாவதைக் காட்டுகிறது. நெளிவுச் சூத்திரத்தில் இந்த அளவுகளைப் போட்டால் 18.3 மெகாபாஸ்கல் வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'நெளிந்து சரிந்தது, தடிமனான வளையத்தில் திரும்பச் சோதிக்கவும்' என்று எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.